பூண்டுக்கும் மருந்துக்கும் இடையே

(வில்பட்டி உழவர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பழனி மலையின் உயர்ந்த சரிவுகளில், பனியையும் குளிரையும் தாங்கி, படிப்படியாய் வெட்டிய நிலங்களில் விளைவது மலைப்பூண்டு. வில்பட்டியும் பூம்பாறையும் மன்னவனூரும் கவுஞ்சியும் வழிவழியாகக் காத்துவரும் செல்வம் அது. ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்னும் பெயருக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் விளைந்த பூண்டை அப்பெயரால் விற்றல் தவறு என்று சட்டமே சொல்லும் நிலை வந்தது. உழைத்த கைகளுக்கு உரிய பெருமை அது. மகிழத் தக்கதே.

ஆயினும், அப்பெருமையின் நிழலில் ஒரு பிழையும் வளர்ந்து வருகின்றது. ‘பூண்டு குருதிக் கொழுப்பைக் கரைக்கும், புற்றுநோயை வேரறுக்கும், ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்னும் பேச்சு சந்தையிலும் திண்ணையிலும் கைப்பேசியிலும் உலவுகின்றது. அதை நம்பிப் புற்றுநோய்ப் பண்டுவத்தை இடையில் நிறுத்தி, பூண்டைத் தின்று காலங்கடத்தும் நோயாளி தன் உயிரை இழப்பான். பேச்சைப் பரப்பியவனோ ஒரு காசும் இழக்கமாட்டான். ஆகவே, ‘ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்னும் அச்சொற்களுக்கு உண்மையான பொருள் யாது என்று அறிந்திருத்தல் பொழுதுபோக்கு அறிவன்று, உயிர்காக்கும் அறிவு.

பூண்டுப் பல்லுக்குள் நடப்பது

முழுப் பூண்டுப் பல்லுக்குக் காரமணம் இல்லை. நசுக்கியவுடன்தான் மணம் எழுகின்றது. ஏன்? பூண்டின் உயிரணுவுக்குள் அல்லீன் என்னும் கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அதனை மாற்றவல்ல நொதியம் மற்றோர் அறையிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. பல்லை நசுக்கினால் அறைச்சுவர் உடைகின்றது, இரண்டும் கலக்கின்றன, நொடிப்பொழுதில் அல்லிசின் என்னும் புதுச் சேர்மம் பிறக்கின்றது. மூக்கைத் துளைக்கும் காரம் அதனுடையதே. அல்லிசினை 1944-இல் அமெரிக்க வேதியலார் கேவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தனர். அல்லீனை 1948-இல் சுவிட்சர்லாந்தில் இசுட்டோலும் சீபெக்கும் கண்டறிந்தனர்.

அல்லிசினைக் கண்ணாடிக் கலயத்தில் வளரும் நுண்ணுயிர்கள்மேல் இட்டால் அவை மடிகின்றன. புற்று உயிரணுக்கள்மேல் இட்டாலும் மடிகின்றன. இவையெல்லாம் உண்மையே. ஆனால், நல்ல உயிரணுக்கள்மேல் இட்டாலும் அவையும் மடிகின்றன என்பதை மட்டும் பேச்சாளர் மறைத்துவிடுகின்றனர்! கொதிநீரும் கலயத்துப் புற்றணுவைக் கொல்லும். சுண்ணாம்பு நீரும் கொல்லும். அதனால் அவை மருந்தாகிவிடுமா?

மேலும், கலயத்தில் ஊற்றிய அல்லிசின் அங்கேயே இருக்கும். வாயில் இட்ட பூண்டோ நெடும்பயணம் செல்லவேண்டும். சமைத்த வெப்பம் நொதியத்தைக் கெடுக்கின்றது. இரைப்பையின் புளிமம் எஞ்சியதைக் கெடுக்கின்றது. பிறந்த அல்லிசினும் நிலைத்து நில்லாமல் விரைந்து வேறு சேர்மங்களாக மாறிவிடுகின்றது. கலயத்தில் வென்ற பொருள் உடலுக்குள் போர்க்களத்தையே சென்று அடைவதில்லை!

மாந்தரிடத்தே ஆய்ந்தபோது தெரிந்தது என்ன? அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தார் குருதிக் கொழுப்பு ஓரளவு மிகுந்த 192 பேரை நான்கு குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பச்சைப்பூண்டும், இரு குழுக்களுக்கு இருவகைப் பூண்டு மாத்திரைகளும், எஞ்சிய குழுவுக்குப் பூண்டில்லாத போலியும் ஆறு திங்கள் கொடுத்துப் பார்த்தனர். 2007-இல் முடிவு வெளிவந்தது. தீய கொழுப்பு எந்தக் குழுவிலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

‘அப்படியாயின் பூண்டு வெறும் சுவைப்பொருள்தானா?’ என்று முகம் வாடவேண்டியதில்லை. பூண்டுக்கு ஆற்றல் உண்டு. அந்த ஆற்றல் எங்கே எவ்வாறு செயற்படும் என்பதைப் பேச்சால் அறிய முடியாது என்பதே கருத்து. எயிட்சு நோய்க்குரிய சாக்குவினவிர் என்னும் மருந்தோடு பூண்டு மாத்திரைகளையும் சேர்த்து உண்டவர்களின் குருதியில் அம்மருந்தின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நன்மை செய்யும் என்று எண்ணி உண்டது, உயிர்காக்கும் மருந்தைப் பாதியாக்கியது! ஆற்றலுடைய பொருளை அளவும் இடமும் அறியாமல் கையாளுதல் கூரிய அரிவாளைக் கண்மூடி வீசுதல் போலாகும்.

மாந்தருக்கு முன் ஐந்து படிகள்

ஒரு பொருளை ‘மருந்து’ என்று சொல்லி முதல் மாந்தனின் வாயில் இடுவதற்கு முன்னர் ஆய்வகத்தில் நடைபெறவேண்டிய பணியே மாந்த ஆய்வுக்கு முந்தைய ஆய்வு. அதன் படிகளை உழவர் எளிதில் உணரலாம். விதையைத் தேர்ந்து, நாற்றை நட்டு, களையெடுத்து, நோய் பார்த்து, அதன் பின்னரே களத்துக்குக் கொண்டுவருபவர்கள் அல்லரோ அவர்கள்!

முதற்படி, பெயரறிதல். ஆய்வுக்கு எடுத்த செடி எந்தச் செடி என்று ஐயமற நிறுவவேண்டும். உலர்த்தி ஒட்டிய மாதிரியொன்று செடியகத்தில் இருக்கவேண்டும். இப்பணிக்குப் பழனி மலை புதிதன்று. அருகிலுள்ள செண்பகனூரில் 1895-இல் தோன்றிய திருவிருதயக் கல்லூரியைச் சேர்ந்த அடிகளார்கள் இம்மலையின் செடிகொடிகளையும் உயிரிகளையும் தொகுத்து வைத்தனர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராப்பினா உலர்செடியகத்தை நிறுவிய மத்தேயு அடிகளார், பழனி மலைச் செடிகொடிகள் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். பெயரறியாமல் மருந்து செய்தால் என்னவாகும் என்பதற்குப் பெல்சிய நாடு சான்று. 1990-களின் தொடக்கத்தில் புருசெல்சு நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைத் தூள் உண்ட பெண்களுக்குச் சிறுநீரகங்கள் பழுதுற்றன. துன்புற்றோர் நூற்றுவருக்கும் மேற்பட்டோர். ஒரு மூலிகையின் இடத்தில் அதன் பெயரோடு ஒத்த பெயருடைய மற்றொன்று கலந்துவிட்டதே கரணியம்.

இரண்டாம் படி, பிரித்தறிதல். ஒரு செடிக்குள் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்துள்ளன. நீரிலும் சாராயத்திலும் பிற கரைமங்களிலும் ஊறவைத்து, சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஆய்ந்து, ஆற்றலுள்ள பகுதியை மட்டும் மீண்டும் பிரித்து, இறுதியில் ஒற்றைச் சேர்மத்தை அடைவர். தூற்றித் தூற்றிப் பதரை நீக்கி மணியைக் காணும் களத்து வேலையே இது.

மூன்றாம் படி, கலய ஆய்வு. நுண்ணுயிர்மீதும், வளர்த்த உயிரணுக்கள்மீதும், தனித்தெடுத்த நொதியத்தின்மீதும் அச்சேர்மத்தை இட்டுப் பார்ப்பர். எவ்வளவு இட்டால் நோயணு மடிகின்றது, எவ்வளவு இட்டால் நல்லணு மடிகின்றது என்று இரண்டையும் அளப்பர். இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வெளி அகன்றிருந்தால்தான் அச்சேர்மம் அடுத்த படிக்குத் தகுதியுடையது. சந்தைப் பேச்செல்லாம் பெரும்பாலும் இம்மூன்றாம் படியோடு நின்றுவிட்டவை என்பதை மனத்தில் இருத்துக!

நான்காம் படி, உடல்வழி அறிதல். உண்ட பொருள் குருதியில் எவ்வளவு புகுகின்றது, எவ்வுறுப்புகளுக்குப் பரவுகின்றது, ஈரலில் எவ்வாறு மாறுகின்றது, எத்தனை நாழிகையில் வெளியேறுகின்றது என்பனவற்றை விலங்குகளில் அளப்பர். அல்லிசின் தடுக்கி விழுந்த இடம் இதுவே.

ஐந்தாம் படி, நச்சுமை ஆய்வு. ஒருமுறை கொடுத்தால் என்ன தீங்கு, பல கிழமைகள் தொடர்ந்து கொடுத்தால் என்ன தீங்கு, கருவுற்ற விலங்குக்குக் கொடுத்தால் குட்டிக்கு என்ன தீங்கு, மரபணுவில் மாற்றம் உண்டாகின்றதா, நெஞ்சத் துடிப்புப் பிறழ்கின்றதா என்றெல்லாம் பார்ப்பர். எலியினம் ஒன்று, எலியல்லாத விலங்கினம் ஒன்று என்று இருவகை உயிர்களிற் பார்ப்பது பொதுமுறை. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு’ என்னும் பழமொழி இங்கே எண்ணாகவும் அட்டவணையாகவும் மாறுகின்றது.

இந்த ஐந்தாம் படியைத் தாண்டிக் குதித்ததன் விலையை உலகம் கொடுத்திருக்கின்றது. 1937-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், ஏற்கெனவே மாத்திரையாக வழங்கிய நல்ல மருந்தொன்றைக் குழந்தைகளுக்கு ஏற்ற இனிய நீர்மமாக்க எண்ணி, இனிப்புடைய கரைமமொன்றில் கரைத்தது. சுவை பார்த்தனர், நிறம் பார்த்தனர், மணம் பார்த்தனர். நச்சுமை மட்டும் பார்க்கவில்லை. அக்கரைமம் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் குழந்தைகள் பலர். அதன் பின்னரே 1938-இல், விற்குமுன் தீங்கின்மையைக் காட்டவேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் பிறந்தது. இன்றைய ஆய்வு நெறிகள் பலவும் இத்தகைய கண்ணீரால் எழுதப்பட்டவை.

‘சித்தர்கள் பல்லாண்டு கையாண்டதற்கு ஆய்வு எதற்கு?’ என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானதே. விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். முன்னோர் கண்கள் கூர்மையானவை. உண்ட அன்றே கொல்லும் நஞ்சை அவர்கள் அறிந்தனர், ஒதுக்கினர், சுத்தி செய்யும் முறைகளையும் வகுத்தனர். ஆனால், இன்று உண்டு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வரும் நோயை, இன்ன பொருளால் வந்தது என்று வெறுங்கண்ணால் இணைத்துக் காண எவராலும் இயலாது. ஆடுதீண்டாப்பாளை என்னும் செடியைத் தமிழர் நன்கு அறிவர். ஆடும் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்தனர் முன்னோர். எனினும் புழுக்கொல்லியாகவும் நஞ்சுமுறியாகவும் கையாண்டனர். பெல்சியப் பெண்களின் சிறுநீரகங்களைக் கெடுத்த அதே அரிசுட்டலோக்கிப் புளிமம் இச்செடிக் குடும்பத்துக்கு உரியது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்குவதோடு, ஆண்டுகள் பல கழித்துச் சிறுநீர்ப்பாதையில் புற்றையும் உண்டாக்கும் என்று இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. முன்னோரைப் போற்றுதல் என்பது அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதன்று. அவர்கள் தொடங்கிய நோட்டத்தைத் தொடர்வது.

ஒரு மரத்தின் முப்பது ஆண்டு

ஐந்து படிகளையும் ஏறி, விழுந்து, எழுந்து, மருந்தான சேர்மமொன்றின் கதையைக் கேட்டால் இவையெல்லாம் தெளிவாகும். அக்கதையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பங்குண்டு. ஒரு தமிழ்நாட்டு வேதியலாருக்கும் பங்குண்டு.

சீன நாட்டில் ‘மகிழ்ச்சி மரம்’ என்று பெயர்பெற்ற மரம் ஒன்று உண்டு. அதன் சாறு, சுண்டெலிகளின் புற்றை அடக்குகின்றது என்று 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டறிந்தனர். மன்றோ வால் என்பவரும், மகாராட்டிரத்து நந்துர்பாரில் பிறந்து அங்குச் சென்ற மன்சுக் வாணி என்பவரும் தம் குழுவினரோடு அச்சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். பிரித்த ஒவ்வொரு பகுதியையும் சுண்டெலியில் ஆய்ந்து, ஆற்றல் எப்பகுதியில் தங்கியுள்ளது என்று தொடர்ந்து சென்றனர். 1966-இல் அச்சேர்மத்தின் கட்டமைப்பை வெளியிட்டனர். கேம்டோதெசின் என்பது அதன் பெயர்.

மருந்தென்று உலகம் ஆர்த்தது. ஆனால் அது நீரில் கரையவில்லை. கரையாத பொருளைக் குருதியில் எவ்வாறு செலுத்துவது? அதன் வளையம் ஒன்றைத் திறந்து, சோடிய உப்பாக மாற்றிக் கரைத்தனர். அவ்வுப்பை மாந்தருக்குக் கொடுத்தபோது நோய் தீர்ந்தது குறைவு, தீங்கு மிகுதி. வெள்ளணுக்கள் குறைந்தன, சிறுநீர்ப்பையில் குருதி கசிந்தது. பின்னர்தான் நுட்பம் விளங்கியது. வளையம் திறந்த வடிவத்துக்குப் புற்றை அடக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதுவே புளிப்புடைய சிறுநீரைச் சேர்ந்ததும் மீண்டும் வளையம் மூடிக்கொண்டு, ஆற்றல்பெற்று, சிறுநீர்ப்பையைப் புண்படுத்தியது. வேண்டிய இடத்தில் உறங்கி, வேண்டாத இடத்தில் விழித்துக்கொண்டது! 1970-களின் தொடக்கத்தில் மாந்த ஆய்வு நிறுத்தப்பட்டது.

அந்த 1972-ஆம் ஆண்டில்தான் மும்பைக் கோரேகாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியல் பேராசிரியராக விளங்கியவரும், நஞ்சறுப்பான் கொடியின் காரச்சேர்மத்தை ஆய்ந்து பெயர்பெற்றவருமான டி. ஆர். கோவிந்தாச்சாரி, அப்போது சீபா ஆய்வு நடுவத்தின் இயக்குநராக இருந்தார். அவரும் விசுவநாதனும், மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஒரு சிறுமரத்தில் அதே கேம்டோதெசின் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். சீன மரத்தினும் மிகுதியாக இருந்தது. முடைநாற்றமுள்ள பூவுடைய மரம் அது. மகாராட்டிரத்தில் நரக்கியா என்பர். யாரும் மதியாத காட்டுமரம் ஒரே நாளில் உலகச் சரக்காயிற்று.

ஆயினும், சேர்மம் எவ்வாறு கொல்கின்றது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியவில்லை. 1985-இல் அப்புதிர் அவிழ்ந்தது. உயிரணு பிரியும்போது மரபிழை முறுக்கேறும். கயிறு திரிக்கும்போது முறுக்கு மிஞ்சினால் சிக்கல் விழுவது போன்றதே. அம்முறுக்கைத் தளர்த்த ஒரு நொதியம் இழையின் ஒரு புரியை அறுத்து, சுழலவிட்டு, மீண்டும் ஒட்டிவிடும். கேம்டோதெசின் அந்த அறுத்த வாயில் ஆப்புப்போல் செருகிக்கொள்கின்றது, ஒட்டவிடுவதில்லை. விரைந்து பெருகும் புற்றணு முறிந்த இழையோடு மடிகின்றது. விரைந்து பெருகும் நல்லணுக்களும் அடிபடுகின்றன. அதனால்தான் வெள்ளணுக் குறைவும் கழிச்சலும் இம்மருந்தினத்தின் தீங்குகளாக இன்றும் உள்ளன.

எங்கே தைக்கின்றது என்று தெரிந்தபின், வளையத்தைக் கெடுக்காமல் நீரில் கரையுமாறு அதன் கிளைகளை மாற்றினர். சப்பான் நாட்டார் செய்த இரினோதெக்கான் 1994-இல் அந்நாட்டில் ஏற்புப் பெற்றது. 1996-இல் அதுவும் தொபோதெக்கானும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன. ஒன்று பெருங்குடற் புற்றுக்கு, மற்றொன்று சூலகப் புற்றுக்கு. கட்டமைப்பு வெளிவந்த 1966 முதல் 1996 வரை முப்பது ஆண்டுகள்! கலயத்திலும் சுண்டெலியிலும் வென்ற சேர்மம், மருத்துவமனைக் கட்டிலருகே வந்துசேர ஒரு தலைமுறை ஆயிற்று. மாந்த ஆய்வுக்குள் நுழையும் சேர்மங்களிலும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தோற்றுத் திரும்புகின்றன என்பதையும் சேர்த்து எண்ணுக. ‘நேற்று நசுக்கினோம், இன்று புற்று தீர்ந்தது’ என்பவன் பொய்யன் என்று அறிய இவ்வொரு கதை போதாதா?

மரம் யாருக்கு? மருந்து யாருக்கு?

கதையின் மறுபக்கமும் உண்டு. மேலைமலைகளில் அச்சிறுமரத்தைக் கட்டையாக வெட்டி ஏற்றுமதி செய்யத் தொடங்கினர். மகாராட்டிரத்தின் காடுகளில் மரக்கூட்டங்கள் அழிந்தன. மரத்தைக் காட்டிக்கொடுத்த காட்டுவாழ் மக்களுக்குக் கிடைத்தது சுமைகூலி. கட்டையை மருந்தாக்கும் ஐந்து படிகளும் வேற்றிடத்தில் நடந்தன. பெரும்பொருளும் அங்கேயே தங்கியது. படிகளை யார் ஏறுகின்றாரோ அவருக்கே பயன் என்பது இதனால் விளங்கும். காட்டை மட்டும் உடையவன் கடைசியில் காட்டையும் இழக்கின்றான்.

மாற்று வழியும் இம்மலைத்தொடரிலேயே காணப்பட்டது. அகத்தியமலைக் காட்டில் 1987-இல் ஆய்வாளர்க்கு வழிகாட்டிச் சென்ற காணிப் பழங்குடியினர், களைப்பின்றி நடந்தனர். அவர்கள் மென்ற சிறு காய்கள் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியினுடையவை. திருவனந்தபுரத்தின் வெப்பமண்டல நிலைத்திணைத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதனை ஆய்வகத்தில் ஆய்ந்து, சீவனி என்னும் பொருளாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் நிறுவனமொன்றுக்குச் செய்முறை உரிமை அளித்தது. உரிமைத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. குறைகள் பல இருந்தன. எல்லாக் காணி ஊர்களுக்கும் பயன் ஒத்துச் சேரவில்லை. எனினும், அறிவைத் தந்தவனுக்கும் பங்குண்டு என்னும் நெறி அங்கே நடைமுறையில் முளைத்தது.

2002-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டம் அந்நெறியை நாட்டுக்கு விரித்தது. ஒவ்வோர் ஊராட்சியும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் செடிகொடிகளையும் அவை பற்றிய அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுதிவைக்க அச்சட்டம் வழிசெய்கின்றது. ஆனால், ஏட்டில் எழுதாத உரிமை காற்றில் எழுதிய உரிமையே. வில்பட்டியின் முதியோர் அறிந்த பச்சிலைகள் எத்தனை? அவற்றின் ஊர்ப்பெயர்கள் எவை? எந்தப் பகுதியை, எந்த அளவில், எந்நோய்க்கு, எத்தனை நாள் கொடுத்தனர்? எவருக்குக் கொடுக்கலாகாது என்றனர்? இவற்றை எழுதிவைத்தல் ஆய்வின் முதற்படிக்கும் முந்தைய படி. இந்தப் படிக்கு நுண்ணோக்காடி வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

உயிரும் மொழியும்

விலங்குகளைத் துன்புறுத்தி மருந்து காண்பது தகுமோ என்று நெஞ்சு உறுத்துவார் உளர். அவ்வுறுத்தல் இருத்தல் வேண்டும். அஃதில்லாத ஆய்வாளன் இரும்பாவான். விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் மேற்பார்வையிலேயே இந்திய ஆய்வகங்கள் விலங்காய்வு செய்யலாம். மாற்று முறை உள்ள இடத்தில் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல் என்பன உலகம் ஏற்ற மூன்று நெறிகள். புதுமருந்துகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளில் 2023-இல் செய்த திருத்தம், மாந்த உயிரணுக்களால் வளர்த்த சிற்றுறுப்புகள், கணிப்பொறி வழிக் கணிப்பு முதலிய விலங்கல்லா முறைகளுக்கும் இடந்தந்தது. உயிர்மேல் அன்பும் அறிவியலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது நற்சான்று.

இனி, மொழி. ஆய்வுமுடிவு யாருக்குத் தெரியவேண்டும்? மருந்தை உண்ணும் நோயாளிக்கும், மூலப்பொருளை விளைக்கும் உழவனுக்கும் அன்றோ முதலில் தெரியவேண்டும்! அவர்களுக்கு விளங்காத மொழியில் அது பூட்டிக் கிடப்பதால்தான், பூட்டின் முன் நின்று பொய் வணிகன் தன் கடையை விரிக்கின்றான். தமிழில் இதற்குச் சொல் இல்லையா? சேர்மம், நொதியம், நச்சுமை, கலய ஆய்வு, மாந்த ஆய்வு, போலி என்று இவ்வளவு நேரமும் இவ்வுரையில் வந்தவை யாவும் தமிழ்ச் சொற்களே. ஐந்து படிகளையும் அவை சுமந்து வந்தன, எங்கும் முடங்கவில்லை. சொல் இருக்கின்றது, அதில் எழுதுவாரும் எழுதியதைக் கேட்டு வாங்குவாருமே வேண்டும். பழனி மலையில் செடி எடுத்து ஆய்வு செய்யும் எந்தப் பல்கலைக்கழகமும், எந்த நிறுவனமும், முடிவை நான்கு பக்கத் தமிழில் இவ்வூராட்சிக்குத் தரவேண்டும் என்று கேட்டல் உழவரின் உரிமை. கேட்காத வாய்க்கு எவரும் ஊட்டமாட்டார்.

கேட்க வேண்டிய நான்கு

உழவர் பெருமக்களே! நாளை ஒருவர் வந்து, இன்ன பச்சிலை இன்ன நோயைத் தீர்க்குமென ஆய்வகம் மெய்ப்பித்தது என்று சொன்னால், அவரை வெகுளவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

எந்தச் செடி, எந்தப் பகுதி, யார் பெயரறிந்தது? எதில் ஆய்ந்தது: கலயத்திலா, எலியிலா, மாந்தரிலா? எந்த அளவு கொடுத்து, கொடாத குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தனரா? என்ன தீங்கு கண்டனர்?

நான்காம் கேள்விக்கு ‘தீங்கே இல்லை’ என்று விடைவந்தால் அவர் ஆய்வே பார்த்ததில்லை என்று தெளிக! ஆற்றலுள்ள எதற்கும் தீங்கின் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லையைச் சொல்பவனே ஆய்வாளன்.

மலைப்பூண்டு நல்ல உணவு; நல்ல விளைபொருள்; நாவுக்கும் நாட்டுக்கும் பெருமை. அதனை அப்பெருமையோடு விற்க. பொய்ப்பெருமை சேர்த்து விற்றால், ஒருநாள் பொய் வெளுக்கும்போது மெய்ப்பெருமையும் உடன் வெளுத்துப்போம். நோயுற்றோர் மருத்துவமனைப் பண்டுவத்தை நிறுத்தாமல், தாம் உண்ணும் பச்சிலையையும் மாத்திரையையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்க. இளைஞர்கள் செண்பகனூர் அடிகளார்களின் தொகுப்புகளைச் சென்று காண்க. வேதியலும் உயிரியலும் விரும்பிப் பயில்க. கோவிந்தாச்சாரி வேற்று நிறுவனத்தின் ஆய்வகத்தில் நின்று செய்ததை, இம்மலையின் மக்கள் தம் நாட்டு ஆய்வகத்தில் நின்று செய்யும் நாள் வரவேண்டும். அந்நாள் வாழ்த்தொலியால் வாராது. பெயரறிந்து, பிரித்தறிந்து, அளந்தறிந்து, தீங்கறிந்து, அதன் பின்னரே வாய்திறக்கும் பழக்கத்தால் வரும்.

அப்பழக்கம் இன்று வில்பட்டியில் ஒரு குறிப்பேட்டில் தொடங்கட்டும்! மெய் வெல்க! தமிழ் வெல்க!